பெயரை உறைக்குள் வைத்துவிட்டுக் கணக்கைப் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அறிவியல் விருதுகள் அறிவிக்கப்படும் நாளில் விருதாளர்களின் படங்களோடு அச்செய்தியைத் தாங்கள் வெளியிடுவதும், அவர்களுள் தமிழர் எவரேனும் இருந்தால் பிறந்த ஊர், படித்த பள்ளி வரை விசாரித்து எழுதுவதும் பாராட்டத் தக்கவை. முப்பத்து நான்கு ஆண்டுகள் சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அத்தகைய செய்திகளைக் கத்தரித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதை ஒரு கடமையாகவே செய்துவந்தேன். ஆனால் அச்செய்திகளில் நான் ஒருமுறைகூடக் காணாத ஒரு விவரம் உண்டு. பரிசுக்கு உரியவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், நடுவர்களின் மேசைக்கு முதலில் வந்தது அவருடைய பெயரா அவருடைய வேலையா என்பதே அது. இந்தக் கேள்வியை ஒட்டி ஒரு கோரிக்கையை நம் தேசிய அறிவியல் அகாதமியின் பார்வைக்குக் கொண்டுசெல்லவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

1935-ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, 1970-ல் இன்றைய பெயரைப் பெற்ற இந்திய தேசிய அறிவியல் அகாதமி, கணிதத்துக்கென்று சீனிவாச ராமானுஜன் பதக்கத்தை வழங்கிவந்தது. 1962-ல் அதைப் பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்; 1974-ல் பெற்றவர் ஹரீஷ்-சந்திரா. இருவரின் தகுதியைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. ஆயினும் பதக்கம் கழுத்துக்கு வந்தபோது முன்னவர் ஐம்பதைக் கடந்து உலகெங்கும் அறியப்பட்டிருந்தார். பின்னவர் பிரின்ஸ்டனில் பேராசிரியராகி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அவர்களை அறியாத உலகத்துக்கு அந்தப் பதக்கம் அவர்களை அறிமுகப்படுத்தவில்லை. 1958-ல் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனுக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும் துணைவேந்தர்கள், ஆய்வு நிறுவன இயக்குநர்கள், முன்னாள் பரிசாளர்கள் போன்றோரின் முன்மொழிவுகளைக் கொண்டே பல்லாண்டுகள் முடிவு செய்யப்பட்டது. 2023-ல் மத்திய அரசு விருதுகளைச் சீரமைத்து உருவாக்கிய ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார், 2024 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் முதன்முறையாக வழங்கப்பட்டது. முப்பத்து மூன்று விருதுகளுள் தலையாயதான விஞ்ஞான் ரத்னா, சென்னையில் பிறந்த உயிர்வேதியியல் அறிஞர் கோவிந்தராஜன் பத்மநாபனுக்குக் கிடைத்ததில் மகிழாத தமிழர் இருக்க முடியாது. அந்த விருதுகளிலும் நடுவர்களின் முன் வைக்கப்படுவது பெயரும் பதவியும் வாழ்க்கைக் குறிப்பும் அடங்கிய கோப்புதான்.

வாழ்நாள் உழைப்பைப் போற்றும் விருதுக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவருடைய நாற்பதாண்டுப் பணியைப் பெயரில்லாமல் எடைபோட முடியாது. ஆனால் அத்தகைய விருது ஏற்கெனவே அறியப்பட்டவரிடம் மட்டுமே போய்ச் சேரும். அறியப்படாத ஒருவர் தம் அறையில் உட்கார்ந்து நல்ல கணக்கு ஒன்றைப் போட்டு முடித்திருந்தால் அவரைத் தேடிச் செல்ல நம் நாட்டில் ஒரு பரிசும் இல்லை.

என்னோடு பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவரை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். வாரம் பதினெட்டு மணி நேரம் பாடம், விடைத்தாள் திருத்தம், சேர்க்கைப் பணி, தேர்தல் பணி எல்லாவற்றுக்கும் இடையில், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலில் ஓர் அழகான தேற்றத்தை அவர் நிறுவினார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று திருத்தம் ஏதும் கேட்காமலே அதை வெளியிட்டது. இளம் கணிதவியலாளர்களுக்கான ஒரு பரிசுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரை உந்தியவன் நான்தான். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் முன்மொழிபவரின் பெயர், பதவி, கையொப்பம், அவர் எந்த அமைப்பின் உறுப்பினர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. எங்கள் கல்லூரியில் அந்தக் கட்டங்களை நிரப்பத் தக்கவர் எவருமில்லை. அறிமுகமில்லாத இரண்டு பேராசிரியர்களுக்குத் தேற்றத்தின் நகலோடு கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கையொப்பமிட யார்தான் துணிவார்? கடைசி நாள் கடந்தது. முதல் பக்கம் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பப்பட்டும் இரண்டாம் பக்கம் வெறுமையாகவும் இருந்த அந்தப் படிவம் நெடுநாள் ஆசிரியர் அறையில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது.

இப்படி ஒரு கட்டமே இல்லாத பரிசுமுறை உலகில் இருந்திருக்கிறது. அதுவும் மிகப் பெரிய அகாதமி ஒன்றில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக. 1666-ல் தொடங்கப்பட்ட பாரிஸ் அறிவியல் அகாதமி, 1720 முதல் பரிசு வினாக்களை அறிவித்து வந்தது. யாரை முன்மொழிகிறீர்கள் என்று அது கேட்கவில்லை. இந்த வினாவுக்கு விடை தெரிந்தவர் யார் என்று கேட்டது. போட்டியாளர் தம் கட்டுரையில் பெயரை எழுதக் கூடாது. அதற்குப் பதிலாகத் தலைப்பில் ஏதேனும் ஒரு வாசகத்தை எழுத வேண்டும். தனியாக ஒரு சீட்டில் பெயரையும் முகவரியையும் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, உறையின் மேல் அதே வாசகத்தை எழுதிக் கட்டுரையோடு அனுப்ப வேண்டும். நடுவர் குழு கட்டுரைகளைப் படித்து, சிறந்தது எதுவென்று தீர்மானித்த பிறகே அதற்குரிய உறையைப் பிரிக்கும்.

1727-ல் கப்பலில் பாய்மரங்களை எங்கே, எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பது வினா. பரிசு பூகே என்ற பிரெஞ்சு அறிஞருக்குப் போயிற்று. ஆனால் பாராட்டுக்குரியதாகத் தேர்ந்த மற்றொரு கட்டுரையை எழுதியவர், கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து இளைஞர். கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது 19. லியோனார்டு ஆய்லர் என்ற அந்த இளைஞர் பிற்காலத்தில் அதே அகாதமியின் பரிசைப் பன்னிரண்டு முறை பெற்றார்.

சோஃபி ஜெர்மைனின் வரலாறு இன்னும் விரித்துச் சொல்லத் தக்கது. உலோகத் தகட்டின் மேல் மெல்லிய மணலைத் தூவி, தகட்டின் ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தால், மணல் துள்ளி ஓடி அதிர்வில்லாத கோடுகளில் போய்ப் படியும். தகட்டின் மேல் ஒரு கோலம் தானே எழும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் இதை நெப்போலியனுக்கு முன் செய்து காட்டினார். அந்தக் கோலத்துக்கான கணித விளக்கத்தைக் கேட்டு 1809-ல் பரிசு வினா அறிவிக்கப்பட்டது. முறையான கல்லூரிக் கல்வி மறுக்கப்பட்டு, ஆண்பெயர் ஒன்றில் ஒளிந்துகொண்டு கணித மேதைகளான லாக்ராஞ்சுக்கும் காஸுக்கும் கடிதம் எழுதிப் படித்த ஜெர்மைன், 1811-ல் தம் விடையை அனுப்பினார். போட்டியில் வேறு எவரும் இல்லை; இருந்தும் சமன்பாட்டைப் பெற்ற வழியில் பிழை இருந்ததால் பரிசு தரப்படவில்லை. நடுவராயிருந்த லாக்ராஞ்ச் அந்தப் பிழையைத் திருத்திச் சரியான சமன்பாட்டை எழுதிக் காட்டினார். அகாதமி கெடுவை நீட்டியது. 1813-ல் இரண்டாம் முறை அனுப்பியபோது பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816 ஜனவரி 8 அன்று பரிசு அவருக்கே அறிவிக்கப்பட்டது. அவர் விழாவுக்குச் செல்லவில்லை. ஒரே வினாவுக்கு ஒருவர் மூன்று முறை விடை எழுத வாய்ப்பளித்ததையும், தோற்றவரின் பிழை எங்கே என்று நடுவரே காட்டியதையும் நினைக்குந்தோறும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் என் மனம் நெகிழ்கிறது. நம் விருதுகளில் கிடைக்காமல் போனவருக்குக் காரணம் சொல்லும் வழக்கம் எங்கே இருக்கிறது?

அடுத்து 1888. நிலைத்த ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழலும் திண்மப் பொருளின் இயக்கம் பற்றிய கொள்கையில் முக்கியமான ஓர் இடத்திலேனும் முன்னேற்றம் காண வேண்டும் என்பது அகாதமி அவ்வாண்டு வைத்த போர்தேன் பரிசின் வினா. நம் ஊர்ப் பிள்ளைகள் சாட்டையைச் சுற்றித் தரையில் விடும் பம்பரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஆணி ஓரிடத்தில் ஊன்றி நிற்க, உடல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தலையையும் ஆட்டுகிறது. எல்லாப் பக்கமும் ஒத்த பம்பரத்தின் கணக்கை லாக்ராஞ்ச் போட்டு முடித்திருந்தார். நிறைமையத்திலேயே பொருளைத் தாங்கி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆய்லர் அதற்கும் முன்பே போட்டிருந்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகளாக மூன்றாவது வகை எதுவும் எவருக்கும் வசப்படவில்லை. நிறைமையம் அச்சை விட்டு விலகிப் பக்கவாட்டில் இருந்து, மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழலப் பொருள் காட்டும் எதிர்ப்பை அளக்கும் மூன்று நிலைமத் திருப்புத்திறன்களுள் இரண்டு சமமாகவும் மூன்றாவது அவற்றில் பாதியாகவும் அமைந்தால் அந்தக் கோணல் பம்பரத்தின் கணக்கும் முழுமையாகத் தீரும் என்று காட்டிய கட்டுரை, அவ்வாண்டு வந்த பதினைந்து கட்டுரைகளுள் ஒன்று. தெரிந்ததைச் சொல், செய்ய வேண்டியதைச் செய், வருவது வரட்டும் என்பது அதன் தலைப்பு வாசகம். அதன் சிறப்பைக் கருதிப் பரிசுத் தொகையை 3,000 பிராங்கிலிருந்து 5,000 பிராங்காக அகாதமி உயர்த்தியது. உறைக்குள் இருந்த பெயர் சோஃபியா கோவலெவ்ஸ்கயா. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த ரஷ்யாவிலிருந்து வெளியேறி, பெர்லினிலும் கதவு மூடியிருக்கக் கண்டு, அங்கிருந்த கணிதப் பேராசிரியர் வயர்ஸ்ட்ராஸிடம் தனியாகப் பாடம் கேட்டுத் தேறியவர். டிசம்பர் 24 அன்று பாரிசில் அவர் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நிரந்தரப் பேராசிரியரானார். 1891-ல் தம் 41-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் இந்தக் கணக்கில் உழைத்துவருவது பாரிஸ் அறிஞர் சிலருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முத்திரை வைத்த உறை என்பது இரும்புப் பெட்டி அல்ல. அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு அதே அகாதமியின் வரலாற்றிலிருந்தே விடை சொல்கிறேன். 1911 ஜனவரியில் மேரி கியூரி அந்த அகாதமியின் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்டார். 1903-லேயே நோபல் பரிசு பெற்றவர். அவருடைய வேலையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அங்கே உறை இல்லை, பெயரைச் சொல்லி வாக்கெடுத்தார்கள். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் எதுவார் பிரான்லி என்ற இயற்பியலாளர் வென்றார், கியூரி தோற்றார். அதே ஆண்டு இறுதியில் அவருக்கு இரண்டாவது நோபல் பரிசு வந்தது. பெண் ஒருவரை முழு உறுப்பினராக அந்த அகாதமி ஏற்றுக்கொண்டது 1979-ல்தான். அவர் ஈவோன் ஷோக்கே-புரூவா என்ற கணிதவியலாளர். ஒரே கட்டடம், ஒரே வகை மனிதர்கள். கட்டுரையைப் படித்து முடிவு செய்தபோது 1816-லும் 1888-லும் பெண்களுக்குப் பரிசளித்தார்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்தபோது 1979 வரை ஒரு பெண்ணைப் பக்கத்து நாற்காலியில் அமர்த்த அவர்களுக்கு மனம் வரவில்லை. உறையின் பயனுக்கு இதைவிட வலுவான சான்றை நான் அறியேன்.

பட்நாகர் பரிசின் கணிதப் பிரிவில் 1987-ல் ராமன் பரிமளா, 2004-ல் சுஜாதா ராமதொரை, 2019-ல் நீனா குப்தா என்று எவ்வளவு நீண்ட இடைவெளிகளில் பெண்களின் பெயர் வந்தது என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மூவரும் அப்பரிசுக்கு முற்றிலும் உரியவர்கள். பரிமளா சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தவர் என்பதை என் மாணவியரிடம் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். பதினேழு ஆண்டும் பதினைந்து ஆண்டும் இடைவெளி விழுந்ததற்குக் கணிதம் கற்ற பெண்கள் நாட்டில் இல்லாதது காரணம் என்றால் நான் நம்ப மாட்டேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருந்தார்கள்.

1883-ல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முறையின் வலிமையும் குறையும் அதில் சேர்ந்தே தெரிகின்றன. ஓர் எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது வினா. 5 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஐந்து இடத்திலும் 1 வரலாம். ஒவ்வொரு 1-ம் கூட்டல் 1-இன் வர்க்கமாகவோ கழித்தல் 1-இன் வர்க்கமாகவோ இருக்கலாம் என்பதால் அது 32 விதம். அல்லது ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 1, மற்ற மூன்றில் சுழியம். இடங்களை 20 விதமாகத் தேர்ந்து, குறிகளை 4 விதமாக மாற்றினால் 80. ஆக மொத்தம் 112. பள்ளிப் பிள்ளை தாளில் எழுதிக் காணக்கூடிய இந்தக் கணக்கை எல்லா எண்களுக்கும் பொருந்தும்படி சொல்வதுதான் கடினம். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஐசன்ஸ்டைன் விடையை நிறுவலின்றி வெளியிட்டுவிட்டு இளமையிலேயே இறந்துபோனார். அந்த நிறுவலைத்தான் பாரிஸ் அகாதமி கேட்டது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஹென்றி ஸ்மித் இதைத் தாம் 1867-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் தீர்த்துவிட்டதாகப் பாரிஸ் அகாதமியைச் சேர்ந்த எர்மீட்டுக்கு எழுதினார். நடுவர்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. விவரமாக எழுதிப் போட்டியில் சேருமாறு எர்மீட் அவரைக் கேட்டுக்கொண்டார். ஸ்மித்தும் எழுதி அனுப்பினார். 1883 பிப்ரவரி 9 அன்று அவர் காலமானார். ஏப்ரலில் உறைகள் பிரிக்கப்பட்டபோது ஒன்றில் மறைந்த பேராசிரியரின் பெயரும் மற்றொன்றில் கேனிக்ஸ்பெர்க் நகரத்து மாணவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கியின் பெயரும் இருந்தன. மாணவருக்கு அப்போது வயது 18. இருவருக்கும் பரிசு அறிவிக்கப்பட்டது.

கட்டுரைகள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது விதி. மின்கோவ்ஸ்கி ஜெர்மனில் எழுதியிருந்தார், மொழிபெயர்க்க நேரமில்லை. நடுவர்கள் விதியைத் தளர்த்தி, கணிதத்தைப் படித்தார்கள். பையன் ஸ்மித்தைப் பார்த்து எழுதியிருப்பான் என்று பாரிஸ் பத்திரிகைகள் சில எழுதியபோது நடுவர்கள் அசையவில்லை. காலத்தையும் வெளியையும் ஒன்றாக இணைத்துப் பின்னாளில் சார்பியலுக்கு வடிவம் தந்தவர் அந்தப் பையன்தான். முன்மொழிபவரின் கையொப்பம் தேவை என்றிருந்தால், பதினேழு வயதில் அந்தக் கட்டுரையை எழுதியவருக்காகக் கையொப்பமிட யார் வந்திருப்பார்கள்?

அகாதமியின் பிழைகளையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். நார்வே நாட்டு ஆபெல் 1826-ல் அந்த அகாதமிக்குச் சமர்ப்பித்த மகத்தான கட்டுரை அகாதமி உறுப்பினர் கோஷியின் வீட்டில் காகிதக் குவியலுக்கிடையில் கிடந்தது. வறுமையும் காசநோயும் சேர்ந்து 1829-ல் 26 வயதில் ஆபெலைக் கொண்டுபோயின. அடுத்த ஆண்டு அகாதமி தன் பெரும் பரிசை அவருக்கும் யாக்கோபிக்கும் அறிவித்தது. அதே 1830-ஆம் ஆண்டுப் பரிசுக்காகக் கலுவா என்ற இளைஞர் அனுப்பிய கையெழுத்துப் படியை அகாதமியின் செயலாளர் ஃபூரியே வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மே மாதம் ஃபூரியே இறந்தார். படி கிடைக்கவே இல்லை. இரண்டாண்டு கழித்துத் துப்பாக்கிச் சண்டையில் கலுவா 20 வயதில் மாண்டார். உறைமுறையின் குறை என்று இவற்றைச் சொல்ல மாட்டேன். வந்த காகிதத்தைப் பதிந்து, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, குறித்த நாளுக்குள் படித்து முடிக்கும் எளிய ஒழுங்கு இல்லாததன் விளைவு இவை. நம் கிராம அஞ்சலகத்தில் பதிவு அஞ்சலுக்கு இருக்கும் ஒழுங்கு அங்கே இருந்திருந்தால் போதும்.

நம் மண்ணிலும் இதற்குச் சாட்சியம் உண்டு. 1913 ஜனவரி 16 தேதியிட்டுச் சென்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தை எல்லாரும் அறிவோம். கும்பகோணத்து ராமானுஜன் என்ற பெயர் ஹார்டிக்கு எதையும் உணர்த்தவில்லை. வேறு பேராசிரியர்களுக்கு அவர் எழுதியும் பயன் விளைந்திருக்கவில்லை. ஹார்டி தேற்றங்களைப் படித்தார், அதனால் ராமானுஜன் நமக்குக் கிடைத்தார். அது ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தால் நடந்தது. அந்த நல்ல மனத்தை ஓர் அமைப்பின் விதியாக்குவது நடக்கக்கூடிய காரியம்தான்.

ராமானுஜன் அளவுக்குப் பலராலும் அறியப்படாதவர் எஸ். சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ல் பிறந்து, 1929 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1770-ல் வாரிங் எழுப்பிய வினா ஒன்று உண்டு: எந்த எண்ணையும் எழுத எத்தனை கனங்கள் போதும், எத்தனை நான்காம் படிகள் போதும், இப்படியே மேலே போனால் எத்தனை போதும்? பாரிஸ் அகாதமியின் ஐந்து வர்க்க வினாவுக்கு அது நெருங்கிய உறவு. ஆறாம் படிக்கு 73 போதும் என்று 1940-ல் நிறுவியவர் பிள்ளை. ஏழும் அதற்கு மேலும் உள்ள படிகளுக்கு அவர் கண்ட விடையின் பெரும்பகுதி அண்ணாமலைப் பல்கலைக்கழக ஏட்டில் வெளிவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சன் என்ற கணிதவியலாளர் தனியாக அதைக் கண்டார். சிதம்பரத்து ஏட்டைச் சிகாகோவில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிள்ளை 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமான விபத்தில் இறந்தார். எண்கோட்பாட்டு வினா ஒன்றை அறிவித்து விடைகளை வரவேற்கும் அகாதமிப் பரிசு அன்று இந்தியாவில் இருந்திருந்தால், சிதம்பரத்து விரிவுரையாளரின் உறை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இருக்கும் விருதுகள் எதையும் நிறுத்த வேண்டாம். அவற்றோடு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணிதத்தில் ஒன்றும் ஏதேனும் ஓர் அறிவியல் துறையில் ஒன்றுமாக இரண்டு வினாக்களைத் தேசிய அறிவியல் அகாதமி பொதுவில் அறிவிக்கட்டும். விடை எழுத வயது, பட்டம், பதவி எதுவும் கேட்க வேண்டாம். விடையும் பெயரும் தனித்தனியே வரட்டும். கணினி வழியாக அனுப்பும் இக்காலத்தில் அது அரக்கும் முத்திரையும் இருந்த காலத்தைவிட எளிது, ஒப்புகைச் சீட்டும் அந்தக் கணமே கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் எழுத வராதவர் தம் தாய்மொழியில் எழுதட்டும். ஜெர்மனில் வந்த கட்டுரையைப் பாரிஸ் படித்தது போல் தமிழிலோ ஒடியாவிலோ வந்ததைப் படிக்க டெல்லியில் ஆள் கிடைக்க மாட்டார்களா? நடுவர்களின் அறிக்கை முழுமையாக அச்சில் வரட்டும். தோற்றவருக்குப் பிழை எங்கே என்று எழுதி அனுப்பட்டும். தகுதியான விடை வராவிட்டால் அதே வினாவை இன்னொரு முறை வைக்கட்டும். பணம் பெரிதாக வேண்டியதில்லை. ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்காரில் பணமே கிடையாது, சான்றிதழும் பதக்கமும்தான். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளுள் ஒன்று மட்டும் கனமானது. இன்று ஆய்வாளர்கள் தம் முடிவுகளை உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறார்கள், எழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், பிறகு உறை எதற்கு என்பார்கள். சிறு வட்டத்துக்குள் உள்ளவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். 1889-ல் ஸ்வீடன் மன்னர் ஆஸ்கர் வழங்கிய பரிசிலும் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் கட்டுரையைப் பார்த்ததுமே அது புகழ்பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொவான்காரேயினுடையது என்று நடுவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அறியப்பட்டவரை மறைக்க உறையால் ஆகாது. அறியப்படாதவருக்குத்தான் அது வேண்டும். வட்டத்துக்கு வெளியே இருப்பவரின் கட்டுரையைப் படிக்கையில் யார் இவர், எந்தக் கல்லூரி, யாரிடம் படித்தவர் என்று கேட்கும் பழக்கத்துக்கு அது சிறிது நேரமாவது இடம் கொடுக்காது. அந்தச் சிறிது நேரத்துக்குள் ஒரு தேற்றத்தைப் படித்துவிட முடியும்.

இறுதியாகத் தங்களிடமும் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த முறை விருதுச் செய்தி வெளியிடும்போது விருதாளரின் ஊருக்கும் பள்ளிக்கும் அடுத்த பத்தியிலேயே அவர் நிறுவியது என்ன, கண்டது என்ன என்பதையும், எத்தகைய நடுவர் குழு எதைப் படித்து அவரைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் எழுத வேண்டும். கல்லூரி மாணவர்க்கு விளங்கும்படி நான்கு வரி போதும். கேட்டால் எழுதித் தரக் கணித ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். எனக்குப் பிறகு அந்த வகுப்பறையில் பாடம் நடத்துபவர் முன்பு நான் குறிப்பிட்ட ஆசிரியைதான். சுவரில் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டும் வழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
கடலூர் மாவட்டம்.